பொறியில் ஈ குவிகிறது, பழத்தில் புழு குறையவில்லை

ஊத்தங்கரை செந்தூரா:

எல்லாருக்கும் வணக்கம். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. எல்லாம் அப்பா வைத்த மரங்கள். பாதிக்கு மேல் பெங்களூரா, அப்புறம் செந்தூரா, கிணற்றோரம் ஒரு வரிசை நீலம். நான் ஒரே மகள். அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு தோப்பை நான்தான் பார்க்கிறேன்.

செந்தூரா சீக்கிரம் இறங்கிவிடுவதால் அதில் தொல்லை இல்லை. ஜூன் மாதம் மழை ஒன்றிரண்டு விழுந்ததும் பெங்களூராவிலும் நீலத்திலும் புழு வந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் பழம் நன்றாகத்தான் தெரிகிறது. போன பருவம் மண்டியில் வியாபாரி நாலு பழத்தை வெட்டிப் பார்த்துவிட்டு மொத்த லோடுக்கும் விலையை இறக்கிவிட்டார். அன்று அப்பா வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் இந்த வருடம் மே மாதமே பழ ஈயை வாசனையால் இழுத்துக் கொல்லும் மீத்தைல் யூஜினால் பொறி ஆறு வாங்கி, வேலியோரம் ரோட்டுப் பக்கமாகக் கட்டினோம். திறந்து பார்த்தால் டப்பாவில் பாதி வரை ஈ. "இவ்வளவு செத்திருக்கே, இனிப் பயமில்லை" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நேற்று நீல மரத்தடியில் விழுந்து கிடந்ததில் பத்துப் பழத்தை வெட்டிப் பார்த்தேன், ஆறில் புழு இருந்தது.

இவ்வளவு ஈ செத்த பிறகும் புழு எங்கிருந்து வருகிறது? பொறி உண்மையில் வேலை செய்கிறதா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கடைசிப் பறிப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் கிழக்கு வேலியை ஒட்டி ஒருவர் கொய்யா வைத்திருக்கிறார். விழுந்த மாம்பழத்தை ஆடு தின்றது போக மிச்சம் மரத்தடியிலேயே கிடக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன், உதவுமா பாருங்கள்.

காவேரிப்பட்டணம் குத்தகை:

ஐந்து ஏக்கருக்கு ஆறு பொறி எந்த மூலைக்கு? ஏக்கருக்குப் பத்து வேண்டும். நான் குத்தகைக்கு எடுக்கும் தோப்பில் எல்லாம் அப்படித்தான் கட்டுகிறேன். கூடவே ஒரு மருந்தும் அடித்துவிடுங்கள், பறிப்புக்கு முன்னால் அடங்கிவிடும்.

பர்கூர் தோப்பு நோட்டு:

தங்கச்சி, குத்தகை அண்ணன் சொன்ன ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கு சரி. வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 25 என்று சொல்வதும் அதேதான். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் உங்கள் கேள்விக்கு விடை வராது. இது நான் வருடக்கணக்காக நோட்டுப் போட்டுப் பார்த்து வரும் விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் டப்பாவில் செத்துக் கிடக்கும் ஈ அத்தனையும் ஆண். மீத்தைல் யூஜினால் வாசனைக்குப் பெண் ஈ வராது. பழத்தைக் குத்தி முட்டை வைப்பதோ பெண். ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். அதனால் நூற்றில் எண்பது ஆண் செத்தாலும் மீதி இருக்கிற இருபது போதும், முட்டை குறையாது. ஆண்களைக் கிட்டத்தட்ட முழுக்க ஒழித்தால்தான் அந்த வழியில் பலன் தெரியும். அதற்குப் பொறி நெருக்கமாகவும், காய் முற்றுவதற்கு வெகு முன்பிருந்தும் இருக்க வேண்டும். மே மாதம் கட்டும்போது ஏற்கெனவே ஆணோடு சேர்ந்துவிட்ட பெண் ஈக்கள் தோப்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை இந்தப் பொறி தொடவே தொடாது.

அடுத்தது, பொறி கட்டிய இடம். இந்த வாசனை வெகு தூரத்திலிருந்து ஈயை இழுக்கும். ரோட்டோர வேலியில் தொங்கும் பொறியில் விழுந்தது உங்கள் தோப்பு ஈயா, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோப்பு ஈயா என்று சொல்ல முடியாது. டப்பா நிறைந்திருப்பதை வைத்து "நம் தோப்பில் இவ்வளவு செத்தது" என்றும் சொல்ல முடியாது, "நம் தோப்பில் இவ்வளவு இருக்கிறது" என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் பொறி எதற்கு? போன வாரத்தைவிட இந்த வாரம் ஈ ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவதற்கு. அதை அது மிக நன்றாகக் காட்டும். ஆனால் நாம் எண்ணினால்தான் காட்டும். பொறி கட்டுகிறவர்களில் எண்ணுகிறவர்கள் ரொம்பக் குறைவு. டப்பா நிறைந்தால் கொட்டுகிறோம், மறுபடி தொங்கவிடுகிறோம். அங்கேதான் பணம் வீணாகிறது என்பது என் கருத்து.

நான் செய்வதைச் சொல்கிறேன். தோப்புக்கு உள்ளே, வேலியிலிருந்து நாலைந்து மரம் தள்ளி, சில பொறிகளை மட்டும் கணக்குப் பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்கு மூன்று போதும்: நீலத்தில் ஒன்று, பெங்களூரா நடுவில் ஒன்று, கொய்யாப் பக்கம் ஒன்று. மரத்தில் பெயின்டால் எண் போடுங்கள். பருவம் முடியும் வரை அந்த மரத்தை மாற்றக்கூடாது. வாரத்தில் ஒரே கிழமை காலையில் திறந்து எண்ணி, கொட்டி, மறுபடி மாட்டுங்கள். மொத்த ஈயைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்து, நாட்களால் வகுத்தால், ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்று வரும். மூன்று பொறியில் ஏழு நாளில் 420 விழுந்தால் 20. உலகம் முழுக்கப் பழ ஈ கணக்கை இப்படித்தான் போடுகிறார்கள். மழையால் எட்டாம் நாள் திறந்தாலும் இந்தக் கணக்கில் கோளாறு வராது.

ஆயிரக்கணக்கில் விழுந்தால் எப்படி எண்ணுவது என்று பயப்பட வேண்டாம். ஈயை வெயிலில் காயவிட்டு, ஒரே ஒரு தடவை நூறை எண்ணி, இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் போட்டு, எந்தக் கோடு வரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூடியால் அளந்தால் போதும். நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கம், ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. கணக்குப் பொறிக்குப் பக்கத்திலேயே நடுப் பருவத்தில் புதுப் பொறிகளைக் கட்டினால், ஈ அவற்றுக்குள் பங்கு பிரிந்துவிடும். தலைக்கு விழுவது குறையும். நோட்டைப் பார்த்து ஈ குறைந்துவிட்டது என்று நினைப்போம், தோப்பில் அது அப்படியே இருக்கும். எத்தனை பொறி என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எறும்பு. பொறிக் கம்பி வழியாக ஏறிச் செத்த ஈயைத் தூக்கிக்கொண்டு போய்விடும், டப்பாவில் பாதிகூட மிஞ்சாது. கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். பொறி நிழலில், ஆள் உயரத்தில், இலை உரசாமல் தொங்க வேண்டும். பொறிக்குள் இருக்கும், வாசனை ஊறிய கட்டையைத் தொட்ட கையால் டப்பாவின் வெளிப்பக்கத்தையும் கிளையையும் தொடாதீர்கள். வாசனை அங்கே ஒட்டினால் ஈ வெளியிலேயே உட்கார்ந்துகொள்ளும். வெயில் காலத்தில் கட்டை ஆறு வாரம் தாண்டினால் மாற்றிவிடுங்கள். வாசனை மங்கிப்போய்க் கணக்கு இறங்கினால் அதுவும் ஈ குறைந்த மாதிரியே தெரியும்.

இனி முக்கியமான பாதி. ஆண் கணக்கு தனியாக நின்றால் பயனில்லை, பழக் கணக்கும் வேண்டும். நீங்கள் பத்துப் பழம் வெட்டிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான வேலை. ஆனால் விழுந்த பழத்தை மட்டும் வெட்டினால் நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும், புழு விழுந்த பழம்தானே முதலில் உதிரும்? மரத்தில் தொங்குவதிலும் சிலவற்றைப் பறித்து வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

வெட்டும்போது புழு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். சதையிலா, கொட்டைக்குள்ளா? இதைச் சொல்லுங்கள், அப்புறம் மேலே பேசலாம்.

இப்போது கையில் இருக்கும் மூன்று வாரத்துக்கு: விழுந்த பழத்தை வாரம் இரண்டு முறையாவது ஒன்று விடாமல் பொறுக்குங்கள். புழு பழத்திலிருந்து வெளியே வந்து மண்ணில் சில அங்குல ஆழத்துக்குள் புகுந்து, கோதுமை மணி போலக் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளியே வரும். இன்று மரத்தடியில் கிடக்கும் பழ மிச்சம்தான் அடுத்து நீலத்தைக் குத்தப் போகிற ஈ. பொறுக்கியதைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் வையுங்கள், உள்ளேயே வெந்துவிடும். குழி வெட்டினால் முழங்கால் ஆழத்துக்கு மேல் வெட்டி, மண்ணை மிதித்து மூடுங்கள். மேலாப்பில் புதைத்தால் ஈ ஏறி வந்துவிடும்.

பெண் ஈயைப் பிடிக்க வெல்ல இரைதான் வழி. முட்டை முற்றுவதற்கு அதற்குத் தீனி வேண்டும், அதனால் இனிப்பைத் தேடி வரும். லிட்டருக்குப் பத்து கிராம் வெல்லம், அதோடு அனுமதி உள்ள மருந்து. மரம் முழுக்க நனைக்க வேண்டாம். அடிமரத்திலும் தாழ்ந்த கிளைகளிலும் பெரிய துளியாகத் தெளித்தால் போதும். பரிந்துரை என்னவோ பழம் முற்றுவதற்கு முன் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. உங்களுக்கு ஒரு முறைக்குத்தான் நேரம் இருக்கிறது. பறிப்புக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று மருந்துச் சீட்டில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக்கலைக்காரன்:

பர்கூர் நண்பர் எழுதியது அத்தனையும் சரி. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

பழைய துண்டுப் பிரசுரங்களில் கட்டையை ஊறவைக்க டைக்ளோர்வாஸ் என்று போட்டிருக்கும். அது 2020 டிசம்பரோடு நம் நாட்டில் தடை. யாராவது மூலையில் வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாமரத்துக்கு எது இப்போது அனுமதி என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தெளியுங்கள், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, ஆண்களைக் கொன்றே பழ ஈயை ஒழிக்க முடியுமா என்ற கேள்வி. முடியும் என்று காட்டிய இடம் உண்டு. இந்த வாசனையின் கதை நம் நாட்டில்தான் தொடங்கியது. பீகாரில் பூசாவில் வேலை பார்த்த பூச்சியியலாளர் ஹவுலெட், சிட்ரொனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் வருவதை 1912-ல் எழுதினார். மூன்று வருடம் கழித்து மீத்தைல் யூஜினால் வரை வந்துவிட்டார். 1960-களில் பசிபிக்கில் ரோட்டா என்ற சின்னத் தீவில், இந்த வாசனையும் நஞ்சும் ஊறிய கட்டைகளை விமானத்திலிருந்து தீவு முழுக்கப் போட்டு, அங்கே கீழைப் பழ ஈ என்ற வகை இல்லாமலே செய்துவிட்டார்கள். ஆனால் அது தீவு. நாலு பக்கமும் கடல், வெளியிலிருந்து பெண் ஈ பறந்து வர வழியில்லை. ஊத்தங்கரையில் ஐந்து ஏக்கருக்கு நாலு பக்கமும் தோப்பு. அதனால்தான் ஒரு தோப்பு மட்டும் பொறி கட்டினால் ஓரளவுக்கு மேல் பலிக்காது. பக்கத்துக்காரர்களும் ஒரே வாரத்தில் கட்டினால் வித்தியாசம் தெரியும்.

ஊத்தங்கரை செந்தூரா:

ரொம்ப நன்றி அண்ணா, ஐயா. நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆண் ஈ மட்டும்தான் விழும் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ வெல்லத்தை வாங்கி வா" என்றார்.

இன்று காலை ஒழுங்காக வெட்டிப் பார்த்தேன். நீலத்தில் சதைக்குள் வெள்ளைப் புழு, ஒரு பழத்திலேயே பல. தட்டில் போட்டால் சில புழு வளைந்து துள்ளுகிறது. தோலில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளி, சிலதில் பிசின் கசிந்திருக்கிறது. மரத்தில் தொங்கியதில் பத்துக்கு இரண்டுதான் இப்படி. பெங்களூராவில் வேறு மாதிரி இருக்கிறது. சதை சுத்தம். கொட்டையைப் பிளந்தால் பருப்பைத் தின்று கறுத்துப் போயிருக்கிறது, உள்ளே ஒரே ஒரு தடிப் புழு, தலை பழுப்பு நிறம். ஒரு கொட்டையில் வண்டாகவே இருந்தது. தோலில் ஓட்டை எதுவும் இல்லை.

இரண்டும் ஒன்றுதானா? போன வருடம் வியாபாரி வெட்டிக் காட்டியது பெங்களூரா.

பர்கூர் தோப்பு நோட்டு:

நான் சந்தேகப்பட்டதுதான். இரண்டும் வேறு வேறு. நீலத்தில் இருப்பது பழ ஈ. பெங்களூராவில் இருப்பது மாங்கொட்டைக் கூன்வண்டு. அதற்கு உங்கள் பொறியால் ஒரு பயனும் இல்லை. ஆயிரம் பொறி கட்டினாலும் ஒரு வண்டுகூட விழாது. போன வருடம் உங்கள் விலையை இறக்கியது வண்டு, இந்த வருடம் நீங்கள் செலவு செய்தது ஈக்கு. இப்படிப் பிரித்துப் பார்க்காமல் "மாம்பழப் புழு" என்று ஒரே பெயரில் பேசுவதால் எத்தனையோ பேருக்குக் காசு போகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கூன்வண்டுக்கு வருடத்துக்கு ஒரே தலைமுறை. காய் கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை இருக்கும்போது தோலைக் கீறி முட்டை வைக்கும். புழு உடனே கொட்டைக்குள் போய்விடும், கீறல் ஆறி மறைந்துவிடும். அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பருவம் முடிந்ததும் வண்டு கொட்டையைத் துளைத்து வெளியே வந்து, அடுத்த பூ வரை மரப்பட்டை வெடிப்புகளில் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே அதைப் பார்க்க வேண்டிய காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல். பிஞ்சு கோலி அளவுக்கு வந்ததும், மரத்துக்குச் சில பிஞ்சை எடுத்து லென்ஸால் பாருங்கள். முட்டை வைத்த இடத்தில் சின்னக் கறுப்புப் பிசின் திட்டு இருக்கும். உதிர்ந்த பிஞ்சையும் பிளந்து பாருங்கள். மருந்து தேவைப்பட்டால் அந்த நேரத்தில்தான் அடிக்க வேண்டும், இப்போது அடித்தால் புழு கொட்டைக்குள் பத்திரமாக இருக்கும். இப்போது செய்ய வேண்டியது கொட்டையை அப்புறப்படுத்துவது. தோப்பில் தின்று போட்ட கொட்டை, வீட்டுக் குப்பையில் போட்ட கொட்டை எல்லாவற்றையும் சேர்த்து எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். கன்றுக்கு என்று யாராவது கொட்டை கேட்டாலும் இந்த மரத்துக் கொட்டையைக் கொடுக்க வேண்டாம். சந்தூர் பக்கம் ஒட்டுக்கன்று போடுகிறவர்கள் கொட்டையாகத்தான் வாங்குகிறார்கள், வண்டும் கூடவே பயணம் போகும்.

கூழ் ஆலைக்குப் போடுவதாக இருந்தால் இந்தப் பழம் ஓடிவிடும், சதை நன்றாக இருக்கிறதே. மண்டிக்கும் ஏற்றுமதிக்கும்தான் இடிக்கும்.

நீலத்தில் தொங்கியதில் பத்துக்கு இரண்டு என்றால் இன்னும் காப்பாற்றலாம். முற்றியதை மரத்தில் பழுக்கவிடாமல் முன்கூட்டியே இறக்குங்கள். காய் மஞ்சள் காட்டத் தொடங்கியதும் பெண் ஈ அதற்குத்தான் முதலில் போகும்.

கொஞ்சம் பழத்தை ஈர மணல் போட்ட வாளியில் வைத்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஈ வெளியே வரும். பழத்துக்குள் இருந்தது என்ன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்பா நம்பாவிட்டால் இதைக் காட்டுங்கள்.

ஆயக்குடி கொய்யா:

கொய்யா வைத்திருக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மாம்பழம் முடிந்ததும் இந்த ஈ எங்கும் போவதில்லை. கொய்யாவுக்கு வரும், சப்போட்டாவுக்கும் வரும், ஒன்றும் இல்லாவிட்டால் இலந்தையில் இருக்கும். அடுத்த மே மாதம் உங்கள் மாமரத்துக்கு வரப்போவது இந்த நவம்பரில் வேலிக்கு அந்தப் பக்கம் அழுகிக் கிடக்கும் கொய்யாவில்தான் வளரும். அவரிடம் சண்டை போடாமல் பேசுங்கள், அவருக்கும் நஷ்டம்தான். இங்கே நாங்கள் நல்ல விலைக்குப் போகிற காய்களுக்கு உறை போடுகிறோம். வீட்டுக்கு என்று இமாம்பசந்த் ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களும் பறிப்புக்கு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே காகித உறை போட்டால் மருந்தே வேண்டாம். ஐந்து ஏக்கருக்கு அது ஆகாது, தெரியும்.

காவேரிப்பட்டணம் குத்தகை:

கொட்டை வண்டுக்கும் ஈக்கும் வித்தியாசம் இவ்வளவு இருக்கிறது என்று படித்த பிறகு என் தோப்புப் பழத்தையும் வெட்டிப் பார்க்கப் போகிறேன். ஒன்று கேட்கிறேன். இங்கே எங்களுக்கு ஈயைவிடப் பெரிய செலவு பூ நேரத்தில்தான். தத்துப்பூச்சிக்கும் இலைப்பேனுக்கும் எத்தனை முறை அடித்தாலும் போதவில்லை. அதற்கும் இப்படி எண்ணும் வழி உண்டா?

பர்கூர் தோப்பு நோட்டு:

உண்டு அண்ணே, அங்கேதான் எண்ணுவதால் மிச்சமும் அதிகம்.

பூங்கொத்து வெளியே வரத் தொடங்கியதும், டிசம்பர் கடைசியிலிருந்து, வாரம் ஒரு முறை தோப்பைக் குறுக்காக நடந்து பத்து மரம் பாருங்கள். மரத்துக்கு நாலு திசையிலும் ஒவ்வொரு கொத்து. காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் தத்துப்பூச்சி மந்தமாக உட்கார்ந்திருக்கும், எண்ண வசதி. கொத்துக்கு ஐந்து என்ற அளவை எட்டினால்தான் மருந்து. மரத்தடியில் நடக்கும்போதே இலையில் சடசடவென்று சத்தம் கேட்டால் எண்ணவே தேவையில்லை, அது அளவைத் தாண்டியாயிற்று. இலையில் பிசுபிசுப்பும் கறுப்புப் படலமும் தெரியும்வரை காத்திருந்தால் பிந்திவிட்டோம் என்று அர்த்தம்.

இலைப்பேனுக்கு ஒரு வெள்ளை அட்டை போதும். கொத்தை அட்டையின்மேல் பிடித்து மூன்று நாலு தட்டுத் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கோடுகள் ஊர்ந்தால் அவைதான். பிஞ்சில் சொறி வருவது இவற்றால். நம் மாவட்டத்தில் கொஞ்ச வருடமாக இவற்றின் தொல்லை அதிகம், பயத்தில் நாள் கணக்கு வைத்து அடிக்கிறோம். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அவை பழகிவிடும். அட்டையில் ஒன்றும் விழாத வாரத்தில் அடிக்காமல் இருந்தாலே பெரிய மிச்சம்.

பூ முழுக்க விரிந்திருக்கும் நாட்களில் தயவுசெய்து அடிக்காதீர்கள். மாவுக்கு மகரந்தம் கொண்டு போவது ஈக்களும் தேனீக்களும். பழ ஈ வேறு, பூவுக்கு வரும் இந்த ஈக்கள் வேறு. அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

மரம் அடர்ந்து கிளை கிளையோடு பின்னிக் கிடந்தால் தத்துப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும். பறிப்பு முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே விழ வைத்தால், அடுத்த பூவில் எண்ணிக்கை குறைவதை நோட்டிலேயே பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற தோட்டக்கலைக்காரன்:

எண்ணுவது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது. காரணம், அங்கே போய் இறங்கிய சரக்கில் பழ ஈ இருந்ததுதான். அடுத்த வருடம் ஜனவரியில் விலக்கினார்கள். இப்போது அங்கே போகும் பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து அனுப்புகிறார்கள், தோப்பைப் பதிவு செய்து கண்காணிப்புக் குறிப்பும் கேட்கிறார்கள். ஊத்தங்கரைத் தங்கச்சி இன்று தொடங்கும் நோட்டு, நாளைக்கு நல்ல விலைக்கு வாங்குபவர் வந்தால் கையில் இருக்கும் காகிதம்.

ஊத்தங்கரை செந்தூரா:

எல்லாருக்கும் நன்றி. வெல்லம் வாங்கியாயிற்று, மருந்துக்கு அலுவலகத்தில் கேட்கப் போகிறேன். விழுந்த பழம் பொறுக்க இன்று ஆள் விட்டு மூன்று பை கட்டி வெயிலில் வைத்திருக்கிறோம். கொட்டையைத் தனியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கொய்யாக்காரர் எங்களுக்கு மாமா முறைதான், சாயங்காலம் அப்பாவே போய்ப் பேசுகிறேன் என்றார்.

கடைசியாக ஒன்று. பறிப்பு முடிந்ததும் கணக்குப் பொறியைக் கழற்றிவிடலாமா, இல்லை வருடம் முழுக்கத் தொங்க வேண்டுமா?

பர்கூர் தோப்பு நோட்டு:

கழற்ற வேண்டாம். மற்றவற்றை எடுத்துவிடலாம், கணக்குப் பொறி மூன்றும் இருக்கட்டும். பறிப்புக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எண்ணினால் போதும், வகுக்கும்போது 14 நாள் என்று போட்டுக்கொள்ளுங்கள். கொய்யாப் பக்கத்துப் பொறியை மட்டும் தனி வரிசையில் எழுதுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மற்ற இரண்டும் படுத்துக் கிடக்கும்போது அது மட்டும் எழுந்து நின்றால், மாமாவோடு சேர்ந்து எந்த மாதம் பழம் பொறுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மார்ச்சில் மூன்றுக்கும் புதுக் கட்டை போட்டு மறுபடி வாரக் கணக்குக்கு வந்துவிடுங்கள். பழைய கட்டையைத் தோப்பில் எறியாதீர்கள், மிச்ச வாசனைக்கு ஈ அங்கே போய் மொய்த்தால் உங்கள் கணக்கு கெட்டுப்போகும்.